மூடிய குவாரியில் வெடிக்குக் கூப்பிட்டவர்

நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும். நானும் நம்பாத கூட்டம்தான். வீட்டில் யாராவது கண்ணூறு கழிக்க ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன், பேய் பிசாசு என்று பேச்செடுத்தால் என் வாய் சும்மா இருக்காது. என் வேலையும் அப்படி. கல் உடைத்து முடிந்த குவாரியை எப்படிச் சரிசெய்து மூடப் போகிறோம் என்று கம்பனிக்காரர்கள் திட்டம் எழுதித் தருவார்கள். மண் சரியுமா, மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகும், நடமாடுகிற மிருகங்களுக்குப் பாதை இருக்கிறதா என்று நேரில் பார்த்து, சரி என்றோ சரியில்லை என்றோ சொல்ல வேண்டியவள் நான்.

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். மேலே மூடிய குவாரி, அதற்கு நேர் கீழே ஒரு லயம், தொழிலாளர் குடியிருக்கும் நீள வரிசை வீடு, அது நிறையச் சனம். குழியில் தேங்கும் தண்ணீரைக் குளமாகவே விட்டு, நிரம்பி வழிவதை ஒரு வடிகான் வெட்டி ஓரமாக இறக்கிவிடுவதாகத் திட்டம். சரிவெல்லாம் புல் நட்டிருந்தார்கள், சிறுத்தையும் மரை மானும் போய்வர இடம் விட்டிருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. சரி என்று சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் அன்று பின்னேரம் குழி விளிம்பில் நின்றேன்.

பக்கத்தில் பெண்கள் சிரித்துப் பேசிக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால் ஒருவர் விடாமல் எல்லோரும் செடிகளுக்கு இடையில் குந்தி, கூடையைத் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள், எடுத்த கொழுந்தெல்லாம் கீழே கொட்டுகிறது, அதை யாரும் கவனிக்கவில்லை. எதிர்க் கரையில் மேய்ந்துகொண்டிருந்த மரை ஒன்று காதை நிமிர்த்தியது, உடனே காட்டுக்குள் பாய்ந்துவிட்டது. எனக்கோ ஒரு சத்தமும் கேட்கவில்லை, சத்தியமாக. என்னோடு வந்த கம்பனிக்காரருக்கும் கேட்கவில்லை, அவர் சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்.

அருகில் இருந்த பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். குமாரி என்று பெயர், கீழே அந்த லயத்தில் இருப்பவள்.

"குந்துங்க மிஸ்! வெடிக்குக் கூப்பிடுறாரு, கல்லு பறக்கும்!"

குந்தினேன். கை இரண்டும் மண்ணில் இருந்தன. அப்போது மண் ஒரு தரம் உதறியது. துளிச் சத்தம் இல்லை. குழித் தண்ணீரில் நடுவிலிருந்து வட்டம் வட்டமாக அலை வந்து கரையைத் தொட்டது. பெண்கள் எழுந்தார்கள், கொட்டியதை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

"யாரு கூப்பிட்டது? குவாரிதான் மூடிக் கெடக்கே?" என்றேன்.

"எங்க வீட்டுக்காரருங்க. இங்க வெடி வச்சவரு. வைக்கிறதுக்கு முன்னுக்கு அந்த மேட்டுல நின்னு கத்துவாரு, நாங்க குந்திக்குவோம்."

"இப்ப எங்க இருக்காரு?"

"குவாரி மூடின வருசமே நெஞ்சு வலியில போயிட்டாருங்க மிஸ். இந்த மழை தொடங்கினதுல இருந்து பின்னேரமானா கூப்பிடுறாரு. எல்லாருக்கும் கேக்குது."

மழை என்றதும்தான் எனக்கு உறைத்தது. நாள் கணக்காக மழை, குளமோ பாதிகூட நிரம்பவில்லை, கான் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் எங்கே போகிறது? மலைக்குள்தான் இறங்க வேண்டும், ஊறிய மலை சரிந்தால் லயத்தின் மேல்தான் விழும். திட்டம் சரியில்லை, லயத்துச் சனத்தை உடனே வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று எழுதினேன். காரணமாகத் தண்ணீரைத்தான் எழுதினேன். என்னை எழுத வைத்தது அந்த உதறல். அதை எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வது?

சனத்தைத் தோட்டத்துப் பாடசாலையில் வைத்தார்கள். பிறகு வேறு ஆட்கள் கருவிகளோடு வந்து பார்த்துவிட்டு ஆபத்தில்லை என்றார்கள். மழையும் விட்டது, மலை அசையவில்லை, எல்லோரும் லயத்துக்கே திரும்பினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

போன மாதம் மறுபடி மழை பிடித்தது. நுவரெலியா மார்க்கெட்டில் லீக்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தேன், பட்டப்பகல், சுற்றிலும் அத்தனை சனம். மேலேயிருந்து ஓர் ஆண் குரல்.

"வெடி! வெடி! ஏ மைனா, குந்து!"

நினைப்பதற்குள் மரக்கறிக்கு நடுவில் குந்திவிட்டேன். வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தல சுத்துதா மிஸ்?" என்று கடைக்காரர் தண்ணீர் தந்தார்.

குமாரிக்குப் போன் எடுத்து, மைனா என்றால் யார் என்று கேட்டேன்.

"அந்தப் பேரு ஒங்களுக்கு எப்புடித் தெரியும் மிஸ்? அவரு மட்டுந்தான் என்னை அப்புடிக் கூப்பிடுவாரு."

கேட்டதைச் சொன்னேன். எல்லோரும் லயத்தை விட்டு வெளியே போங்கள் என்று கத்தினேன்.

"எங்கங்க போறது? ஆபத்தில்லன்னு சொல்லிட்டாங்கல்ல. அவரு கூப்பிட்டா ஓடிருவோம்னுதான் இருந்தோம்" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "லயத்துக்குத் திரும்பினதுல இருந்து எங்க யாருக்கும் கேக்கலங்க மிஸ்."

நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை, பலன்தான் இல்லை. அதனால் பின்னேரமானால் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். எனக்குக் குரல் கேட்டதும் அவளுக்கு எடுப்பேன், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லயமே வெளியே ஓடி வரும், மழையில் நனைந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகும். சிரிக்காதீர்கள், தினமும் இதுதான் நடந்தது.

நேற்று அங்கே விடாத மழை. இருட்டும் வரை போனோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கேட்கவில்லை.