ஓரம் தள்ளி நின்ற விளக்கு

பழைய போலீஸ் கார் என்றால் சிலருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையானால் மெத்தைக் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கூடிவிடுவார்கள். சொந்த வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிற மனிதர்கள், எப்போதோ ஓடிய ரோந்துக் காரின் கறுப்பில் ஒரு துளி நீலம் கலந்திருந்ததா என்று மணிக்கணக்கில் மல்லுக்கு நிற்பார்கள். பின்கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி வைக்கலாமா என்று புதிதாக வந்த ஒருவர் வாய்தவறிக் கேட்டுவிட்டார். "பிடிச்சிட்டு வர்றவன் நடுரோட்டுல இறங்கிப் போகவா?" என்று எல்லோரும் அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

அந்தக் கூட்டத்தில் நம்முடைய ஆளுக்கு லென்ஸ் என்று பெயர். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதைக் கொடுத்தாலும் சட்டைப்பையில் இருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். அறுபதைத் தாண்டியவர், பேரன் எடுத்தவர். ஆனால் கொட்டகைக்குள் நுழைந்தால் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்த பையன் மாதிரி முகம் மாறிவிடும்.

அவருக்கு இந்தக் கிறுக்கு சும்மா வரவில்லை. அவருடைய அப்பா ரோந்துக் கார் ஓட்டியவர். மகன் அரிச்சுவடி படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா என்றால் லென்ஸுக்கு நினைவில் இருந்ததெல்லாம் தெருமுனையில் வந்து அடங்கும் இன்ஜின் சத்தமும், காக்கிச் சட்டையில் வீசிய பெட்ரோல் வாசனையும்தான். வீட்டில் இருந்த படங்களில் அம்மா உண்டு, அக்கா உண்டு, மொட்டைத் தலையோடு இவரே உண்டு. அப்பாவோடு சேர்ந்து ஒரு படம் கிடையாது. "அந்த மனுஷனுக்குப் பெத்த பிள்ளைங்கள விட வண்டிதான் பெரிசு" என்று அம்மா கோபம் வரும்போதெல்லாம் சொல்வாள். அந்தச் சொல் மகனுடைய மனதில் முள்ளாகத் தைத்து அப்படியே நின்றுவிட்டது.

சில வருடங்களுக்கு முன்பு அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரின் வீட்டில் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு புகைப்படம் கிடைத்தது. அவர்கள் தேடி வந்து கொடுத்தார்கள். அப்பா தன் காருக்குப் பக்கத்தில் நிற்கிறார். தனியாகத்தான் நிற்கிறார். அதிலும் கேமராவைப் பார்க்கவில்லை, எங்கேயோ ஒரு பக்கமாகப் பார்க்கிறார். லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார். பிறகு அதே மாதிரிக் கார் ஒன்றைப் பழைய இரும்புக் கிடங்கில் தேடிப் பிடித்து, படத்தைப் பார்த்துப் பார்த்து உயிர்கொடுத்தார். வண்டிதான் பெரிது என்று இருந்தவரை வண்டி வழியாகத்தானே போய்ப் பார்க்க முடியும்.

கொட்டகைக்கு அந்தப் படம் வேதவாக்கானது. அதில் ஒரு விசேஷம் இருந்தது. காரின் கூரைக்குக் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் உருண்டையான நீல விளக்கு. அந்த விளக்கு நடுவில் இல்லை, இடது ஓரமாகத் தள்ளி இருந்தது. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். வயர்லெஸ் கம்பிக்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்றார் ஒருவர். சந்துக்குள் திரும்பும்போது வெளிச்சம் முன்னாடி போய் விழுவதற்காக என்றார் பல் டாக்டர். அவர் பல்லைத்தான் பிடுங்குவார், பிடித்த பிடியை விடமாட்டார். தன் காரிலும் விளக்கை இடது ஓரத்தில் வைத்து, யாரும் நகர்த்தக் கூடாது என்று வெல்டிங் செய்து பற்றவைத்தே விட்டார். இன்னும் இரண்டு பேரும் அப்படியே செய்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது போலீஸ் துறையின் ஆண்டுவிழா அணிவகுப்பு வந்தது. பழைய கார்களும் போக வேண்டும், உள்ளதில் அச்சு அசலாக இருக்கும் கார் முதலில் போக வேண்டும், அதை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். லென்ஸின் கார்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து ஊர் பார்க்க முதல் ஆளாகப் போவதை நினைத்து அவர் தூக்கத்தில்கூடச் சிரித்ததாக அவர் மனைவி சொன்னாள்.

அப்போதுதான் அடிமடியில் கை வைத்தார் ஒருவர். போலீஸில் வயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் அப்படியே இருக்கு சார். விளக்கு மட்டும் தப்பு. அது நடுவுலதான் இருக்கும்" என்றார்.

"எங்க அப்பா படம் பொய் சொல்லுதுங்கறீங்களா?" என்றார் லென்ஸ். குரல் உயர்ந்துவிட்டது.

"படம் பொய் சொல்லாது சார். அன்னைக்கு ஏதோ நடந்திருக்கு. என்னன்னு எனக்குத் தெரியாது."

அடுத்த ஞாயிறு முடிவு செய்வதாகக் கலைந்தார்கள். லென்ஸுக்கு அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. முதல் இடம் போனால் போகட்டும். அப்பாவிடமிருந்து தனக்குக் கிடைத்தது அந்த ஒரு படம்தான், அதுவும் செல்லாது என்றால் கையில் என்ன இருக்கிறது என்று மருகினார்.

அந்த வாரம்தான் அக்கா வந்தாள். வேறு ஊரில் இருப்பவள், கடைப்பக்கம் வந்து பல வருடம் ஆனவள், கண்புரை அறுவை செய்துகொண்டவள், புதுக் கண்ணாடிக்குத் தம்பியின் கடையை விட்டால் எங்கே போவாள். கண்ணாடியைப் போட்டுவிட்டு, "தூரத்துல இருக்கறது தெளிவா தெரியுதா பாருக்கா" என்றார் லென்ஸ். அவள் தலையைத் தூக்கினாள். எதிர்ச்சுவரில் அப்பா.

"இது எங்கடா கிடைச்சுது உனக்கு?" என்று எழுந்து கிட்டே போனாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அட, தள்ளின விளக்கைத் திரும்ப நடுவுல வைக்காமலே எடுத்திருக்காங்க."

"யார் தள்ளினது?"

"அப்பாதான். உன்னை மேல உக்கார வச்சுப் படம் எடுக்கணும்னு அவருக்கு ஒரே ஆசை. நட்டைத் தளர்த்தி விளக்கை ஓரமா தள்ளிட்டு, தன் துண்டை மடிச்சுப் போட்டு நடுவுல உன்னை உக்கார வச்சார். நீ அப்ப நடக்கக்கூட ஆரம்பிக்கல. உக்கார வச்சதுதான் தாமதம், ஊரையே கூட்டிட்ட. சைரன் தோத்துது போ. போட்டோக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார், அவருக்கு வேற வேலை இருந்துது. கடைசில உன்னைத் தூக்கி என் இடுப்புல குடுத்துட்டு, சரி எடுங்கன்னு அப்பா மட்டும் நின்னார்."

லென்ஸ் படத்துக்குக் கிட்டே வந்தார். "அப்பா எங்கக்கா பார்க்கிறார் இதுல?"

"எங்கயா? நான் உன்னை வச்சுக்கிட்டு அந்தப் பக்கம்தானே நிக்கறேன். உன்னைத்தான் பார்க்கறார், அழுகையை நிறுத்திட்டியான்னு."

"அம்மா அப்படிச் சொல்லுவாங்களே, வண்டிதான் பெரிசுன்னு."

"அம்மா கோவத்துல ஆயிரம் சொல்லுவாங்க. அதையெல்லாம் இத்தனை வருஷமா சுமந்துக்கிட்டா இருந்த?"

ஆயிரம் தடவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த படம். நட்டின் திருகுவரை எண்ணிய மனிதர், அந்தக் காலியிடத்தை மட்டும் பார்க்கவே இல்லை. கடைக்கு வந்த வாடிக்கையாளரை அக்காதான் உட்காரச் சொன்னாள். தம்பி முதுகைத் திருப்பிக்கொண்டு, துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அழுகைதான், வேறென்ன.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பல் டாக்டர் தன் காரின் கூரையைப் பரிதாபமாகப் பார்த்து, "அப்ப நாங்க மூணு பேரும் நீங்க உக்கார இடம் விட்டுத்தான் விளக்கைப் பத்த வச்சிருக்கோமா?" என்றார். சிரிப்பு வெடித்தது. அறுத்து நடுவில் வைக்க வெல்டரைக் கூப்பிட்டார்கள்.

ஜெயித்துவிட்டோம் என்று வயர்லெஸ்காரர் மார்தட்டவில்லை. ஸ்பானரை எடுத்து லென்ஸின் கையில் கொடுத்தார். "உங்களது பத்த வைக்கல, வெறும் நட்டுதான். நடுவுல தள்ளுங்க சார். முதல் இடம் உங்களுக்குத்தான், இதுல ரெண்டாவது பேச்சே இல்லை."

லென்ஸ் வாசல் வெயிலில் நின்ற தன் காருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஏறினார். நட்டில் ஸ்பானரை வைத்தார். விளக்குக்குப் பக்கத்தில் பளபளவென்று வெறுமையாக இருந்த தகரத்தில் இன்னொரு கையை ஊன்றியிருந்தார். வெயிலில் அது சூடேறியிருந்தது. பிறகு நட்டைத் திருகாமலே இறங்கி, ஸ்பானரைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் கடைசிலயே வரேன் சார்."

"தப்புன்னு நீங்களே சொல்லிட்டு?"

"தப்புதான். போலீஸ் காருக்குத் தப்பு. எங்க அப்பா எனக்காக ஒதுக்கின இடம் சார் அது. நான் மூடமாட்டேன்."

அணிவகுப்பில் பல் டாக்டரின் கார் முதலில் போனது. லென்ஸின் கார் வந்தபோது பாதிக் கூட்டம் கலைந்து, நாற்காலிகளை மடக்க ஆரம்பித்திருந்தார்கள். ஓரத்தில் நின்ற ஒருவர் அக்கறையாகக் கை காட்டி, "பெரியவரே, மேல விளக்கு நகந்து போயிருக்கு பாருங்க" என்றார்.

லென்ஸ் கார்க் கண்ணாடியை இறக்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமாங்க," என்றார், "அப்பா நகத்தி வச்சிருக்கார்."