தவிர்க்க முடியாத காரணத்தால்

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு எனக்கு அரை மணித்தியாலம் தந்திருந்தார்கள். கண்டியில் அப்போது இயங்கிய சின்ன வானொலி நிலையம் அது. மற்ற நேரமெல்லாம் சினிமாப் பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவித்தல். என் அரை மணித்தியாலத்தில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லை. இந்த ஊர்களில் இருக்கிறவர்கள் தாங்களே எழுதி, மெட்டுப் போட்டு, வீட்டிலேயே பதிந்து அனுப்பும் பாட்டுகளை மட்டும்தான் ஒலிபரப்புவேன்.

தொடக்கத்தில் கேசட் தேடி நானே அலைந்தேன். பிறகு தபாலில் வரத் தொடங்கியது. பிலிமத்தலாவையில் இரும்புக்கடை வைத்திருந்த ஒருவர் தன் கடைச் சத்தங்களோடு பாடி அனுப்பினார். ஒரு நர்ஸ் அனுப்பிய பாட்டில் அவளுடைய வார்டு முழுவதும் சேர்ந்து பாடியது. அவற்றைக் கேட்கும்போது எனக்கு வரும் சந்தோசம் உண்மையானது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வேறொரு சந்தோசமும் அதோடு சேர்ந்துகொண்டது. விருந்து வீடுகளில் யாராவது ஒரு பாட்டைப் புகழ்ந்தால், "அது நான் கண்டுபிடிச்ச பாட்டு" என்று சொல்லுவேன். பாடினவர்களின் பெயர் அதற்குப் பிறகுதான் என் வாயில் வரும், சில வேளை வராமலும் போகும்.

அந்தக் காலத்தில்தான் அவள் வந்தாள். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளை மடுவத்தில் வேலை செய்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. என் வயதுதான் இருக்கும். கைலேஞ்சித் துணியில் சுற்றிய ஒரு கேசட்டை மேசையில் வைத்தாள்.

"தபால்ல போட மனசு வரலீங்க மிஸ். இது ஒன்னுதான் இருக்கு. தம்பி டோலக்கு வாசிச்சான். அவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிட்டான், இனி எப்ப வருவான்னு தெரியல."

"பாட்டெல்லாம் நீங்களே எழுதினதோ?"

"எழுதுறதுன்னு இல்லீங்க. புள்ளைகள ஆட்டிக்கிட்டே வாயில வர்றதுதான். மறந்துடக் கூடாதுன்னு ஒரு கொப்பியில எழுதி வச்சிருக்கேன்."

அன்று பின்னேரம் குண்டசாலையில் எங்கள் வீட்டுக் குசினியில் வைத்துக் கேட்டேன். ஆறு பாட்டு. அடுப்பில் வைத்த சோற்றை மறந்தேன். முதல் பாட்டு, தோட்டத்துக்கு ஏறி வராத பஸ்ஸைப் பற்றியது. நான்காவது பாட்டுத்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கைக்குழந்தையோடு கண்டிக்கு வரும் தாயைச் சோதனைச் சாவடியில் இறக்குகிறார்கள். பால் போத்தலில் என்ன இருக்கிறது, குடித்துக் காட்டு என்கிறான் சிப்பாய். தாய் குடிக்கிறாள். தன் பாலை அம்மா குடிக்கிறாளே என்று குழந்தை வீரிட்டு அழுகிறது. "எம்பாலு எங்கம்மா, எம்பாலு எங்க" என்று அதன் அழுகையே பல்லவி. வரிசையில் நிற்கும் எல்லோரும் சிரிக்கிறார்கள், சிப்பாயும் சிரிக்கிறான். யாரையும் திட்டாத பாட்டு. அந்த வரிசைகளில் நானும் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். அங்கே சிரிக்கவும் ஒன்று இருந்தது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை பஸ் பாட்டைப் போட்டேன். அவள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொன்னேன். மற்றப் பாட்டுகள் அடுத்த கிழமை வரும் என்றும் அறிவித்தேன். எங்கள் நிலையத்தின் ஒலிப்பதிவுக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கண்டியில் பல தலைமுறையாக இருந்த முஸ்லிம் குடும்பம். அண்ணன் முறையில் நான் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "அந்தப் பால் போத்தல் பாட்ட போடேலுமா தங்கச்சி? பிரச்சின ஒன்டும் வராதே?" என்று மட்டும் கேட்டார். வராது என்றேன். அந்தத் துணிச்சலும் எனக்குப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை பிலிமத்தலாவையில் ஒரு கலியாணம். கொழும்பில் இருந்து பேர்பெற்ற ஒரு மேடைப் பாடகர் வந்திருந்தார். என்னை யாரோ அவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரைப் பேட்டி எடுத்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை. கைப்பையில் நிலையத்தின் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது, ஒரு கேசட்டும் இருந்தது. வெற்றுக் கேசட் என்று நினைத்துப் போட்டேன். அதில் நான் ஒரு எழுத்தும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. மேலே பதியாமல் இருக்க, கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை. நான் செய்யவில்லை. அவர் தன் வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றிப் பேசினார், பேசினார், பக்கம் திருப்பிப் போட்டும் பேசினார். பின்னால் மேளமும் நாயனமும். ஒலிபரப்ப உதவாத பேட்டி.

வெள்ளிக்கிழமை கேட்டபோதுதான் தெரிந்தது. இரண்டாம் பக்கத்துக் கடைசியில், அவர் குரல் முடிந்த பிறகு, டோலக்கில் நாலு தட்டு மட்டும் மிஞ்சியிருந்தது.

சனிக்கிழமை மைக்குக்கு முன்னால் இருந்து, "தவிர்க்க முடியாத காரணத்தால் சென்ற வாரம் அறிவித்த பாடல்களை ஒலிபரப்ப இயலவில்லை" என்றேன். வானொலியில் நாங்கள் ஆயிரம் தடவை சொல்லும் வசனம். ஆனால் போர் நடந்த அந்த வருசங்களில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது, மேலிடம் தடுத்துவிட்டது என்று. சொல்லும்போது அது எனக்குத் தெரியாது என்று நான் இன்று எழுதினால் அது இன்னொரு பொய்.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி. கதிரையின் நுனியில் இருந்தாள்.

"போன சனிக்கிழம போடலீங்களே மிஸ்? எங்க லயத்துல எல்லாரும் ரேடியோவச் சுத்தி உக்காந்திருந்தாங்க."

அழித்துவிட்டேன் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் கலியாண வீட்டைச் சொல்ல வேண்டும், கொழும்புப் பாடகரைச் சொல்ல வேண்டும், அவர் பக்கத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதைச் சொல்ல வேண்டும்.

"மேலே இருந்து நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம்" என்றேன்.

"யாருங்க?"

"அதெல்லாம் கேக்காதேங்கோ."

"கேசட்டு?"

"அதையும் கொண்டுபோயிட்டினம்."

அவள் கதிரையை விட்டு எழுந்தாள். "எம்பேரையும் தோட்டத்தையும் ரேடியோவுல சொன்னீங்களே மிஸ்."

"பயப்பட ஒண்டுமில்லை. ஆனா கொஞ்ச நாளைக்குப் பாட்டு, கீட்டு எண்டு ஒண்டும் வேண்டாம்."

அந்த 'ஆனா' எதற்கு? பொய் உறுதியாக நிற்கட்டும் என்பதற்காக நான் வைத்த முட்டு அது. பயம் எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், அப்பாவும் அம்மாவும் நானும் மூன்று நாள் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தோம். யாழ்ப்பாணத்தில் இருந்து கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் வேலைக்கு வந்த அப்பா அதற்குப் பிறகு தெருவில் தமிழில் பேசினதில்லை. அந்தப் பயத்தைத்தான் எடுத்து அவள் மடியில் போட்டேன், என் மானம் காக்க.

அவள் போன பிறகு நானா உள்ளே வந்தார். கேசட்டுக்கு நடந்தது அவருக்குத் தெரியும், நான் அவளிடம் சொன்னதும் காதில் விழுந்திருந்தது.

"தெரியாம அழிஞ்சிட்டென்டு செல்லியிருந்தா அந்தப் புள்ள அழுதிருக்கும். அழுதிட்டுப் போயிருக்கும்" என்றார். "இப்ப என்னத்த தலேல வெச்சிட்டு அனுப்பியிருக்கிறீங்க?"

கடிதம் எழுதுகிறேன் என்றேன். எழுதத் தொடங்கினேன். முதல் வரியைத் தாண்டவில்லை. பிறகு கொழும்பில் ஒரு குண்டு வெடித்தது. கண்டியிலும் இராணுவத்தினர் தங்குமிடங்களைச் சுற்றி வளைத்தார்கள், தோட்டத்துப் பொடியன்களைப் பஸ்ஸில் இருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். நான் ஒவ்வொரு நாளும் அவளை நினைத்தேன். நினைப்பது ஏதோ செய்வது போலவே இருந்தது. இரண்டு மாதம் போய்விட்டது.

ஒரு நாள் நானா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "ஒரு மனுசிய பயத்தில வெச்சிட்டு நாங்க இங்க பாட்டு போட்டுட்டு ஈக்கிறோம். நீங்க போறீங்களா, நான் போகவா?"

போனேன். புசல்லாவையில் இறங்கி, ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். பிள்ளை மடுவத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. என்னைக் கண்டதும் அவள் கையில் இருந்த குழந்தையை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, என்னைச் சுவர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"யாராச்சும் வந்து கேட்டாங்களா மிஸ்? தம்பியப் பத்திக் கேட்டாங்களா?"

"இல்லை. ஒருத்தரும் கேக்கேல்லை."

"தம்பிய வரவேணாம்னு சொல்லிட்டேன். தீவாளிக்குக்கூட வரல. அம்மா அழுதுக்கிட்டே கெடந்துச்சு. அவன் டோலக்குச் சத்தமும் அதுல இருந்துச்சில்ல, அதான்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "கொப்பிய அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன். வீட்டச் சோதிக்க வந்தா மாட்டிக்கும்ல."

நின்ற இடத்திலேயே சொன்னேன். கலியாணம், பாடகர், வெற்றுக் கேசட் என்று நினைத்தது, எல்லாம். ஒருத்தரும் நிப்பாட்டவில்லை, ஒருத்தரும் கேட்கவில்லை, நான்தான் அழித்தேன் என்றேன்.

அவள் முதலில் கேட்டது, "அப்ப ஆர்மி தேடலீங்களா?"

"இல்லை."

"தம்பி வரலாமா?"

"வரலாம்."

அவள் சுவரோடு சரிந்து கீழே இருந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாளோ அழுதாளோ, தோள்கள் குலுங்கின. பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

"அப்ப சும்மாதான் எரிச்சேனா?"

அவள் ஏசவில்லை. கணக்குப் பார்த்துத் தெரிந்துகொள்வது போலத்தான் கேட்டாள். தோளில் இருந்த கருவியைக் காட்டி, "ஞாபகம் இருக்கிறதைப் பாடுங்கோ, இப்பவே பதிவம், நல்லாப் பதியும்" என்று ஏதோ சொன்னேன்.

"வராது மிஸ். ரெண்டு மாசமா வாயத் தெறக்கல. புள்ளைகளச் சும்மாதான் ஆட்டுறேன்."

உள்ளே ஒரு குழந்தை அழுதது. எழுந்து போனாள். திரும்பி வரும்போது கையில் பால் விடாத பிளேன்ரீயும் ஒரு துண்டுச் சக்கரையும் இருந்தன. அவ்வளவு தூரம் வந்தவளை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதாம். அந்தத் தேத்தண்ணியை நின்றபடி குடித்தேன். இன்னும் சூடாக இருந்திருந்தால் நாக்காவது வெந்திருக்கும் என்று நினைத்தது ஞாபகம்.

புறப்படும்போது, "ரேடியோவில உண்மையைச் சொல்லப்போறன்" என்றேன். நான் எதிர்பார்த்தது என்ன? அவள் என்னைத் தடுப்பாள் என்றா?

"சொல்லுங்க" என்றாள். "எம்பேர மட்டும் இனி எதுக்கும் சொல்லாதீங்க."

அந்தச் சனிக்கிழமை எழுதி வைத்துக்கொண்டு போனேன். "நான் என் கவனயீனத்தால் அழித்துவிட்டேன்" என்று தாளில் இருந்தது. மைக்கில் வந்தது வேறு. "முன்னர் அறிவித்த பாடல்கள் தவறுதலாக அழிந்துவிட்டன என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்றேன். 'அழித்து' என்பது 'அழிந்து' ஆன ஒரு எழுத்து மாற்றத்தில் நான் வசனத்தை விட்டு வெளியே போய்விட்டேன். பாட்டுகள் தாங்களாகவே அழிந்தன. வருத்தம் எங்கள் எல்லோருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நானா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த பாட்டைப் போட்டார். அதைப் பற்றி அவர் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இரண்டு மூன்று கடிதங்கள் வந்தன. 'அழிந்துவிட்டன' என்றால் என்னவென்று எங்களுக்கு விளங்குகிறது சகோதரி, உங்கள் துணிவுக்கு எங்கள் வணக்கம் என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் ஒருவருக்கும் மறுத்து எழுதவில்லை.

அவளிடம் இருந்து பொங்கலுக்குப் பிறகு ஒரு போஸ்ட்காட் வந்தது. தம்பி வந்துவிட்டுப் போனான், அம்மா சுகம், நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று மூன்று வரி. பாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. அதற்கும் நான் பதில் போடவில்லை. அவள் பிறகு பாடினாளா என்று எனக்குத் தெரியாது. அவள் தோட்டத்தின் பெயர் தெரியும், போகும் பஸ்ஸும் தெரியும். தெரிந்துகொள்ள விரும்பியிருந்தால் தெரிந்துகொண்டிருக்கலாம்.

போர் முடிந்து பல வருசத்துக்குப் பிறகு கண்டியில் ஒரு மண்டபத்தில் பழைய ஒலிபரப்பாளர்களைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். என்னை அறிமுகப்படுத்திய இளம் பெண், "அடக்குமுறைக் காலத்தில் தோட்டத்து மக்களின் தடைசெய்யப்பட்ட பாடல்களுக்குக் குரல் கொடுத்தவர்" என்றாள். சபை கை தட்டியது. ஒலிவாங்கி என் கைக்கு வந்தபோது, இல்லை பிள்ளை, ஒருத்தரும் தடை செய்யவில்லை என்று சொல்ல எனக்கு முழுதாக ஐந்து நிமிசம் தந்திருந்தார்கள். நன்றி சொல்லிவிட்டு, வானொலியின் பொற்காலத்தைப் பற்றிப் பேசினேன். பொன்னாடையைத் தோளில் போட்டபடியே வந்து முச்சக்கர வண்டியில் ஏறினேன். குண்டசாலைக்குப் போகும் வழியெல்லாம் கழுத்தில் அது உறுத்தியது, ஆனாலும் நான் அதைக் கழற்றவில்லை.