சத்தம் நின்ற பிறகு

தெருமுனையில் ஆட்டோவின் சத்தம் சட்டென்று நின்றது. பெட்ரோலில் கஞ்சத்தனம் பார்க்கிற ஓட்டுநர். வந்த வேகத்திலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறார்.

என் அப்பாவும் அப்படித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் வாடகைக் கார் ஓட்டினார். சாலையில் மாட்டு வண்டியைக் கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பார். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் இன்ஜினையே அணைத்துவிடுவார். வாசல்தோறும் மாடுகள் கட்டியிருக்கும்.

அம்மா இறந்தபின் வீட்டில் பகலெல்லாம் நான் மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றி, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு காத்திருப்பேன். மண்ணில் டயர் நெரியும் ஒலி வரும். பிறகு பெட்ரோலும் வியர்வையும் கலந்த அவர் சட்டையின் வாசனை.

"ஆரன் அடிச்சிட்டு வாயேன்பா. தனியா பயமா இருக்குது" என்றேன் ஒருநாள்.

"ஆரன் அடிச்சா மாடுங்க கயித்த அத்துக்கிட்டு ஓடும். பெட்ரோலும் தண்டம். சத்தம் நின்னுச்சின்னா அப்பா வந்துட்டேன்னு வச்சிக்க. எழுந்து வந்து கதவத் தொற."

முழங்கால் வலியோடு எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். ஆட்டோ சத்தமில்லாமல் என் வாசலைக் கடந்து, அடுத்த வீட்டின் முன் போய் நின்றது.