நான் கிசுகிசுத்தது ஊருக்கே கேட்டது

எட்டாவதோடு பள்ளியை விட்டு, சூலூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவள் நான். எதற்கும் பயப்படுவேன். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய பிராந்திக்கடையை மூடச் சொல்லி எங்கள் ஊர்ப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தபோதும் கடைசி வரிசையில்தான் இருந்தேன். டியூஷன் முடிந்து என் மகள் அந்தக் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். அதனால்தான் போனேன்.

மதியம் ஓர் அதிகாரி வந்தார். "ஒரே வாரத்துல கடையை மாத்திருவோமுங்க. எல்லாரும் ஊட்டுக்குப் போங்கம்மா" என்றார். முன்வரிசையில் சிலர் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்திலிருந்த சரசக்காவின் காதில், "போன தடவையும் இதையேதானுங்கக்கா சொன்னாங்க?" என்று கிசுகிசுத்தேன். தறிச் சத்தத்தில் கத்திக் கத்தியே பேசிப் பழகிய தொண்டை; சாலை முழுக்கக் கேட்டுவிட்டது.

எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். "யாரும்மா அது?" என்றார் அதிகாரி. நான் சரசக்காவின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க எல்லாருந்தானுங்க கேக்கறோம்" என்றார். என் பக்கம் திரும்பி, "ஏங்கண்ணு, இதுதான் உன்ற ரகசியமா?" என்றார்.

எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் கடைக்குப் பூட்டு விழுந்தது. பிறகு திறக்கவே இல்லை.

போராட்டமெல்லாம் தைரியசாலிகளின் வேலை என்று நினைத்திருந்தேன். என் பயம் இன்னும் போகவில்லை. இன்றும் மகளை அழைத்துவர நிறுத்தத்தில் போய் நிற்கிறேன். ஆனால் பயந்தவளுக்கும் அந்தச் சாலையில் உட்கார இடம் இருந்தது.