இறால் கம்பெனிக்கு வந்த ஏஐ காவல்

எங்கள் தொழிலில் ஒன்றும் நடக்காத நாள்தான் நல்ல நாள், ஆனால் ஒன்றுமே நடக்காவிட்டால் "இந்தப் பொண்ணுக்கு எதுக்குச் சம்பளம்?" என்பார்கள். அலுவலகக் கணினிகளைத் திருடர்களிடமிருந்து காக்கும் வேலையில் இருப்பவர்களே, உங்களுக்கு இது புதிதில்லை. மண்டபம் பக்கம் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறேன். ஊர் முதுகுளத்தூர் பக்கம். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. வேலை நிரந்தரமாகாத நேரம் பார்த்து, சந்தேகமான எதையும் தானே கண்டுபிடித்துத் தடுக்கும் ஏஐ மென்பொருள் ஒன்றை முதலாளி வாங்கினார். "இது நல்லாப் பாத்துக்கிச்சுன்னா நீ எதுக்கும்மா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படகு வந்த விடியல்

மீன்பிடித் தடைக்காலத்தில் அதை நிறுவினோம். ஆள் நடமாட்டம் இல்லாத அந்த வாரங்களைப் பார்த்து, கம்பெனி எப்போதும் இப்படித்தான் என்று அது கற்றுக்கொண்டது. தடை முடிந்து விசைப்படகுகள் கரைக்கு வந்த விடியலில், கொள்முதல் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கைபேசி வழியாகக் கம்பெனிக் கணினிக்குள் நுழைந்தார்கள். தாக்குதல் என்று நினைத்து ஏஐ அத்தனை பேரையும் வெளியே தள்ளிவிட்டது. மேற்பார்வையாளர் அருளப்பன் அண்ணன் படகுத்துறையிலிருந்து போனில் கத்தினார்: "தங்கச்சி, தடைக்காலம் முடிஞ்சிருச்சுன்னு அந்த மெஷினுக்கு யாராச்சும் சொன்னீகளா இல்லையா?"

எழுந்து நின்றதால்

ஒரு மதியம் முதலாளி குரலில் எனக்குப் போன். "பாஸ்வேர்டு மறந்துபோச்சும்மா, புதுசா ஒண்ணு போட்டுச் சொல்லும்மா." முதலாளி பேசினால் எழுந்து நிற்பது என் பழக்கம், போனில் என்றாலும். நின்றதால்தான் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்தேன்: நாங்கள் லாத்தா (அக்கா) என்று கூப்பிடும் கணக்கர் நூர்ஜஹானோடு ஏதோ பில்லுக்காகச் சண்டை போட்டபடி முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார்!

ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஏஐ வைத்துச் செய்த குரல். அவருடைய மூக்கடைப்புகூட அச்சு அசலாக இருந்தது. போனில் வந்ததால் எங்கள் மென்பொருளின் கண்ணில் இது படவே இல்லை. லாத்தா முதலாளியிடம் சொன்னார்: "ஏங்க, நீங்க ஒரு நாளாச்சும் இவ்வளவு தன்மையாப் பேசிருக்கீகளா? அதுலயே தெரிய வேணாமா?"

துண்டிக்கவா?

அப்புறம் கணினித் தாக்குதல் நிஜமாகவே வந்தது. எங்களிடம் சரக்கு வாங்குபவர் எழுதியதைப் போலவே ஒரு மின்னஞ்சல், லாத்தா திறந்துவிட்டார். கண் மூடித் திறப்பதற்குள் ஏஐ அவர் கணினியை மற்றக் கணினிகளிடமிருந்து துண்டித்துவிட்டது. திருட்டு நிரல் எங்கெங்கே போகப் பார்த்தது என்று அது திரையில் காட்டக் காட்ட எனக்குப் புல்லரித்தது. நான் மட்டும் என்றால் நாள் முழுக்கத் தேடியிருப்பேன்.

அடுத்து, குளிரறைக் கணினியையும் துண்டிக்கவா என்று கேட்டது. துண்டித்தால் உள்ளே குளிர் குறைந்தாலும் தெரியாது, இறால் கெட்டுப்போகும். விட்டால் திருடன் அங்கேயும் போவான். ஓடிப்போய் அருளப்பன் அண்ணனைக் குளிரறை மீட்டரைப் பார்க்க நிறுத்திவிட்டு, திரும்பி ஓடிவந்து "சரி" என்று அழுத்தினேன். ஒன்றும் கெடவில்லை! மூச்சு வாங்க நின்ற என்னிடம் முதலாளி சொன்னார்: "மெஷின் கேள்வி கேட்டா பதில் சொல்ல ஒரு ஆளு வேணும்ல? ஒண்ணாந் தேதியிலருந்து நீ நிரந்தரம்மா."

என் வேலையைப் பிடுங்க வந்தது என்று நான் பயந்த ஏஐ, அதை நிரந்தரமாக்கியதோடு நிற்காமல், திருடர்களோடு சேர்த்துத் தன்னையும் கவனிக்க வைத்து இரண்டு மடங்காகவும் ஆக்கிவிட்டது.