முழங்கையில் ஒரு பச்சைப் புள்ளி

பெயிண்டர் என்றால் கையில் பெயிண்ட் இருக்க வேண்டும் என்பது உலக நம்பிக்கை. நம் பெயிண்டரின் கையைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை வெட்கப்படுவான். இருபத்தாறு வருஷம் எனாமலில் புழங்கிய கை. நகக்கண்ணில்கூட ஒரு பொட்டுக் கறை இல்லை.

விஷயம் இதுதான். மனிதர் ஐவேளைத் தொழுகையாளி. தொழுமுன் உளூ செய்ய வேண்டும். முகம், முழங்கை வரை கை, கணுக்கால் வரை கால் என்று எல்லாவற்றிலும் தண்ணீர் பட வேண்டும். காய்ந்த பெயிண்டுக்கு அடியில் தண்ணீர் போகுமா? போகாது. அப்போது உளூவும் இல்லை, தொழுகையும் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போதெல்லாம் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துத் தோல் உரிந்தது. பிறகு புத்தி வந்தது: துடைப்பதைவிடச் சிந்தாமல் இருப்பது சுலபம். கூரைக்கு அடித்தாலும் சொட்டு விழாத கை அப்படித்தான் வாய்த்தது. இறையச்சம் பாதி, தோல் எரிச்சல் பாதி.

அந்தக் கைதான் அன்றைக்கு அவர் காலை வாரிவிடப் பார்த்தது.

நாலு மாடி வீடு, உள்ளும் புறமும் மூன்று மாத வேலை. கிடைத்தால், அடுத்தவருக்குக் கீழே போகாமல் தாமே முன்னின்று செய்யும் முதல் பெரிய வேலை. வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பெயிண்டரையும், கூட வந்த மைத்துனனையும் கையை நீட்டச் சொன்னார். மைத்துனன் கையில் கடையிலிருக்கும் எல்லா நிறமும் இருந்தது. அவன் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தேய்த்துக் கழுவும் கட்சி.

"வேலை செய்யறவர் இவரு. நீங்க யாரு, மேற்பார்வையா?"

"நான்தாம்மா பெயிண்டர். இவன் என் மச்சினன்."

"முப்பது வருஷம் பிள்ளைங்க கைய பாத்தவ நான். மை படாத கை பரீட்சை எழுதினதில்ல."

"நல்லா கேளுங்க டீச்சர்," என்றான் மைத்துனன். "எங்கக்கா கூட இவரு ஆபீஸ் வேலைக்குப் போறாருன்னுதான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கு."

"வாய மூடு மாப்ள," என்ற பெயிண்டர் டீச்சர் பக்கம் திரும்பினார். "கைய ஏம்மா பாக்கறீங்க? ஆளுக்கொரு ஜன்னல் குடுங்க. அடிச்சு முடிச்சப்புறம் தரையப் பாருங்க."

கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் இரண்டு ஜன்னலும் காப்பி நிறமாயின. மைத்துனன் ஜன்னலில் கண்ணாடிக்கு அம்மை போட்டிருந்தது, தரையில் கோலம். பெயிண்டர் பக்கம் விரிப்பே தேவைப்படவில்லை. டீச்சர் குனிந்து பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அழுக்கை நம்பிப் பழகியவர்களுக்குச் சுத்தத்தின் மேல் சந்தேகம் லேசில் போகாது.

அதற்குள் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. பெயிண்டர் உளூ செய்யச் சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

"இதோ இருக்கே," என்றார் டீச்சர், விடைத்தாளில் தப்பைக் கண்டுபிடித்த குஷியில். "முழங்கைக்குப் பின்னாடி. நீங்களும் பெயிண்டர்தான்."

பெயிண்டர் முகம் மாறியது. "என்ன கலரும்மா?"

"பச்சை."

காப்பி என்றிருந்தால் இப்போது பட்டது, துடைத்தால் தீர்ந்தது. பச்சை, காலையில் வேறு வீட்டில் அடித்த கேட்டுக் கதவு. அப்படியானால் மதியம் லுஹருக்குச் செய்த உளூ செல்லாது, தொழுததும் செல்லாது.

"விடுங்க மச்சான், ஒரு புள்ளி," என்றான் மைத்துனன்.

"உனக்கு அது புள்ளி."

"நாளைக்கே ஏணியோட வந்துடுங்க," என்றார் டீச்சர். "இந்தப் பையனக் கண்ணாடி பக்கம் விடாதீங்க."

"வர்றோம்மா. ஆள் யார் எங்க நிக்கணும்னு நான் பாத்துக்கறேன்." பெயிண்டர் மண்ணெண்ணெய்த் துணியை மைத்துனனிடம் நீட்டி முழங்கையைக் காட்டினார். "ம், தேய். முதல்ல லுஹர், அப்புறம் அஸர். நீயும் கழுவிட்டு வந்து பக்கத்துல நில்லு."

மைத்துனன் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்தான். "அதுக்குள்ள பொழுது சாஞ்சு மஃரிப் வந்துடும் மச்சான்."

"வர விடாத. மூணையும் சேத்துத் தொழுதுக்கலாம்னு நினைக்காம சீக்கிரம் தேய்."