நான் செத்ததாகச் சொல்லி லீவு வாங்கிய கதை

"பைத்தியக்கார ஆஸ்பத்திரின்னு எவ சொன்னா உனுக்கு? நீ வந்து பாத்தியா சுந்தரவல்லி?" குழாயடியில் குடத்தை டம்மென்று வைத்துவிட்டுக் கேட்டேன்.

"பாக்கறதுக்கு இன்னாக்கா கீது? உன் புள்ள ஆபீஸ் பஸ்ஸ வுட்டுட்டு செங்கல்பட்டு பஸ்ஸுல ஏறிப் போறான், சாயங்காலம் திரும்பி வர்றான். வியாதின்னா பெட்டுல படுக்கணும். நல்லா இருந்தா வேலைக்குப் போவணும். இது ரெண்டுங்கெட்டானா கீது. அதுல உன் கட்டைவிரல்ல தெனம் மை வேற. வூட்டை எழுதிக் குடுத்துட்டியாமே?"

"வூடு எனுது, விரலும் எனுது. உனுக்கு இன்னா?"

சத்தம் போட்டு வந்துவிட்டேனே தவிர, அவளைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அவள் இப்போதுதான் பொய் சொல்ல ஆரம்பித்திருந்தாள். நான் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மகன் பரணிதரனுக்கு அணு ஆபீஸில் ஸ்டோர் வேலை. சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் தெருவிலேயே ஆபீஸ் பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். அவன் குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாத நாட்களில் நான்தான் மோசஸ் கடைக்குப் போய் ஆபீஸுக்குப் போன் போடுவேன். எனக்கு எழுத்து தெரியாது, நம்பரை மோசஸ்தான் சுற்றுவான். ஜுரம் என்று சொல்லிப் பார்த்தேன், டாக்டர் சீட்டு கேட்டார்கள். சாவுக்குச் சீட்டு கேட்க மாட்டார்கள் என்று கண்டுபிடித்தேன். என்ன மூளை பாருங்கள்! பரணியின் பெரியப்பாவை இரண்டு தடவை கொன்றேன். இல்லாத சித்தி ஒருத்தியைப் பெற்று வளர்த்துக் கொன்றேன். தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடி மாசம் சொந்தத்தில் ஆள் தீர்ந்துபோயிற்று. குரலை மாற்றிக்கொண்டு, "பரணிதரனோட அம்மா காலையில போயிட்டாங்க சார்" என்றேன். மோசஸ் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான்.

இப்படி ஆயிரம் யோசித்தவளுக்கு ஒன்று தோன்றவில்லை. பெரியப்பா செத்தால் ஆபீஸில் லீவு கொடுப்பார்கள். பெற்ற தாய் செத்தால் ஆபீஸே புறப்பட்டு வரும்.

மத்தியானம் கதவைத் தட்டினார்கள். கையில் கருவாட்டுக் குழம்போடு திறந்தேன். ரோஜா மாலையோடு ஆறு பேர், முன்னால் அவன் மேலதிகாரி ராமானுஜம். அவருக்கு என் முகம் தெரியாது.

"பரணியோட அம்மா..." என்று மெதுவாகக் கேட்டார்.

"நான்தான், உள்ள வாங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

உள்ளே பரணி பாயில் உருண்டு கிடந்தான். ராமானுஜம் சத்தம் போடவில்லை. மாலையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, "அறுபது நாள் லீவு தரேம்மா. செங்கல்பட்டுல குடியை நிறுத்தறதுக்குப் பகல் சிகிச்சை குடுக்கறாங்க. முடிச்சிட்டான்னு பேப்பரோட வரட்டும். இல்லன்னா வேலை இல்ல" என்றார்.

அப்படித்தான் போனோம். மருமகள் லோகநாயகி பொறுத்துப் பார்த்து, குழந்தையோடு அச்சரப்பாக்கத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். வீட்டு ஆள் என்று வர நான் ஒருத்திதான். முதல் நாள் பிளாஸ்கில் ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, பிரெட் எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். அங்கே கட்டிலே இல்லை. என் நோயாளி முற்றத்தில் பத்துப் பேரோடு கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தான். பிரெட்டை நானே தின்றேன்.

காலை ஒன்பதுக்கு நர்ஸ் முகத்தில் ஊதிக் காட்ட வேண்டும். டாக்டர் பார்ப்பார். அப்புறம் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்று குடித்தேன், ஏன் குடித்தேன் என்று ஒவ்வொருவராகப் பேச வேண்டும். ஐந்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சாயங்காலத்துக்கு நான்தான் நர்ஸ். நாற்பது கட்டம் போட்ட அட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். அவன் சுத்தமாக வீடு வந்தால் அன்றைய கட்டத்தில் என் கைநாட்டு. முப்பது வயது ஆம்பளையை வாசலில் நிறுத்தி, "ஊதுடா" என்று முகர்ந்து பார்ப்பேன். சுந்தரவல்லி வாயில் விழாமல் எப்படி இருக்கும்?

பதினெட்டாம் நாள் அவன் ஊதவே வேண்டியிருக்கவில்லை. தெருமுனையிலேயே வாசனை வந்துவிட்டது. திருக்கழுக்குன்றத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் குடித்திருக்கிறான்.

"இன்னிக்கு ஒரு நாள்தாம்மா. கட்டம் காலியா இருந்தா மொதல்லருந்து எண்ணுவாங்க. எனுக்கு வேலை போயிடும்மா" என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே மைப் பேடுக்குப் போனது. பழக்கதோஷம். இந்த முறை யாரையும் கொல்லவில்லையே என்று ஒரு சமாதானம் வேறு.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, வீட்டு ஆட்களும் உட்காரும் கூட்டம். அங்கே பேசுகிற ஆபிரகாம் சார் பரணியின் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "பத்தொன்பது நாள், ஒரு கட்டம்கூடக் காலி இல்ல. இந்தம்மாவைப் பாருங்க." எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் ஒரு பெண், பாப்பா என்று பேர், என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எப்படிம்மா செஞ்சீங்க? எங்கூட்டுக்காரரு ரெண்டு தபா மொதல்லருந்து ஆரம்பிச்சிட்டாரு." அவள் கண்ணில் அத்தனை ஆசை.

என் செத்த படத்துக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது எனக்கு. எழுந்து நின்றேன்.

"அதுல கடைசிக்கு முந்தின கட்டம் பொய் சார். குடிச்சிட்டு வந்தான். நான்தான் வெச்சேன்."

பரணி தலையைத் தூக்கவில்லை. ஆபிரகாம் சார் திட்டவில்லை. புது அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விரலை விட்டு எண்ணினேன். அறுபதில் அன்றோடு இருபது போயிற்று, மீதி நாற்பது. இனி ஒரு கட்டம் தவறினாலும் வேலை போச்சு.

பஸ்ஸில் பல்லைக் கடித்தான். "நீ எனுக்கு அம்மாவா, எதிரியா?"

"அம்மாதான் ஆடி மாசமே செத்துட்டாளேடா. மால வந்திச்சே, பாக்கல?"

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். அழுதானோ என்னவோ. மறுநாள் நான் எழுப்புவதற்கு முன்னே டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான்.

நாற்பதாம் நாள் ஐந்து மணிக்கு அந்த வாசலில் நின்றேன். மடித்த பேப்பரோடு படியிறங்கி வந்தவன், நேராக எதிரில் இருந்த போன் கடைக்குப் போனான்.

"சார், பரணிதரன் பேசறேன். நாளைக்கு வேலைக்கு வர்றேன்... இல்ல சார், நானேதான் பேசறேன்... அம்மாவா? இருக்காங்க சார். பக்கத்துலயே நிக்கறாங்க."

வெளியே வந்து அட்டையை நீட்டினான். கடைசிக் கட்டம் மட்டும் காலி. "வெச்சிடும்மா. அதான் முடிஞ்சிடுச்சே. பேடுகூட எடுத்தாந்துகீறேன்."

"பஸ்ஸு இன்னும் திருக்கழுக்குன்றம் தாண்டல. வூடு வந்து சேரு, ஊது. அப்புறம் வெக்கிறேன்."

"கிழவி செத்தாலும் திருந்தாது" என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.